இமை முடியில் ஒட்டியிருப்பது பொடுகுதானா?

[திரையில்: மேல் இமை, பல மடங்கு பெரிதாக. முடிகளில் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள்.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இமை முடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பொடுகு என்று தோன்றும். இல்லாவிட்டால் பீளை காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று தோன்றும். டாக்டர்களே சில நேரம் இமை அழற்சி, அலர்ஜி என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிடுவது உண்டு. மருந்து விட்டு விட்டுப் பார்த்தும் அரிப்பு நிற்காது.

ஏனென்றால் அது ஈர். பேனின் முட்டை.

[திரையில்: இரண்டு பேன்கள் அடுத்தடுத்து.]

"தலையிலிருந்து இறங்கி வந்திருக்கும்" என்று நினைக்கிறோம் இல்லையா? பெரும்பாலும் அப்படி இல்லை. இடப்பக்கம் இருப்பது தலைப் பேன், நீண்டு ஒல்லியாக இருக்கிறது. வலப்பக்கம் இருப்பது வேறு இனம்: அந்தரங்க முடியில் வாழும் பேன். நீளம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். அகன்ற உடம்பு, பின்னால் உள்ள இரண்டு ஜோடிக் கால்களில் தடித்த கொடுக்கு. பார்த்தால் குட்டி நண்டு. முடிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் இதற்குக் காலூன்ற வசதி. தலைமுடி அதற்கு நெருக்கம் அதிகம். இமை முடியின் இடைவெளி சரியாகப் பொருந்துகிறது.

இதன் வம்சம் இன்னும் வேடிக்கை. தலைப் பேனைவிட இதற்கு நெருங்கிய சொந்தம் கொரில்லாவின் பேன். 2007இல் புளோரிடாவின் டேவிட் ரீட் குழு மரபணுவை ஒப்பிட்டு, இரண்டும் சுமார் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்று கணக்கிட்டது. சரி, கண்ணுக்கு வருவோம்.

[திரையில்: ஸ்லிட் லாம்ப் முன் தாடையை வைத்து உட்கார்ந்திருக்கும் நோயாளி.]

வெறும் கண்ணுக்கு இந்தப் பேன் சிக்காது. உடம்பு கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு தோலோடு தோலாகப் படுத்துக் கிடக்கும். கண் டாக்டரின் ஸ்லிட் லாம்பில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் கால் அசைவதும், வயிற்றில் நாம் கொடுத்த ரத்தமும் தெரியும். இமை ஓரத்தில் செம்பழுப்பாகத் துகள் துகளாகப் படிந்திருந்தால் அது பேனின் எச்சம். கடித்த இடத்தில் சிலருக்கு நீலம் பாய்ந்த புள்ளிகளும் இருக்கும்.

பொடுகிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு வழி: பொடுகு தட்டினால் உதிரும், ஈர் உதிராது. சிமெண்ட் வைத்த மாதிரி முடியோடு ஒட்டியிருக்கும். ஆனால் வீட்டில் ஊசியையோ நகத்தையோ வைத்துக் கண்ணருகே சோதனை செய்ய வேண்டாம்.

இனி சங்கடமான பகுதி. பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் உடலுறவின் மூலம் தொற்றுகிறது. ஆகவே மற்ற பால்வினை நோய்களுக்கும் பரிசோதிக்கச் சொல்வார்கள். துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். குழந்தையின் இமையில் இருந்தால்? ஒரே படுக்கையில் அணைத்துப் படுத்த பெற்றோரிடமிருந்து வந்திருக்கலாம், ஒரே துண்டைப் பயன்படுத்தியதால் வந்திருக்கலாம். பாலியல் தொல்லைக்கான அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் டாக்டர் சில கேள்விகள் கேட்பார். கோபப்படாதீர்கள், கேட்காமல் விடுவதுதான் தவறு.

[திரையில்: நுண்ணிய இடுக்கி, களிம்புக் குழாய்.]

சிகிச்சையில் முதல் வேலை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பது. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டுவிட்டு டாக்டர் எடுப்பார். பேன் லேசில் விடாது, பக்கத்து முடியைப் பிடித்துக்கொள்ளும். ஈர் மிக அதிகமாக இருந்தால் இமை முடியையே ஒட்ட வெட்டிவிடுவதும் உண்டு. கத்தரிக்கோலில் களிம்பு தடவிக்கொண்டால் வெட்டிய முடி கண்ணுக்குள் விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், முடி திரும்ப வளரும்.

அப்புறம் களிம்பு. வாசலின் வகைதான், ஆனால் கண்ணுக்கென்றே தயாரித்தது. இமை ஓரத்தில் நாளைக்கு 2 முதல் 4 முறை, 10 நாள் தடவ வேண்டும். அதில் விஷம் எதுவும் இல்லை. பேன் மூச்சுவிடும் துளைகளை அடைத்துத் திணறடிக்கிறது, அவ்வளவுதான். ஈருக்குள் இருப்பதை அது அசைக்காது. அது பொரிய ஒரு வாரத்துக்கு மேலாகலாம். இரண்டு நாளில் அரிப்பு குறைந்தது என்று நிறுத்தினால் அடுத்த தலைமுறை கிளம்பிவிடும்.

களிம்பில் அடங்காவிட்டால் ஐவர்மெக்டின் மாத்திரை, எடைக்கேற்ப, ஒரு வார இடைவெளியில் இரண்டு வேளை கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை. உடம்பின் மற்ற முடிக்குத் தரும் பெர்மெத்ரின் மருந்தைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய் போன்ற பாட்டி வைத்தியத்தைத் தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயைத் தலைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

தலையணை உறை, துண்டு, உடுத்திய துணி எல்லாவற்றையும் நன்றாகச் சுடும் நீரில், 54 டிகிரிக்கு மேல், துவைத்து உலர்த்துங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்தால் போதும். ரத்தம் கிடைக்காமல் இந்தப் பேன் இரண்டு நாள்கூடத் தாங்குவது அரிது.

[திரையில்: மறுபடியும் அதே இமை.]

10 நாள் கழித்து மீண்டும் ஸ்லிட் லாம்ப். வெற்று ஓடுகள் சில முடியில் தங்கியிருக்கலாம், அவற்றால் தொல்லை இல்லை. மூடி திறக்காத ஈர் ஒன்று கண்ணில் பட்டாலும் டாக்டர் மறுபடி இடுக்கியை எடுப்பார்; களிம்பு இன்னும் சில நாள் நீளும்.