கடைசி வரிசைக்கும் எட்டும் நடிப்பு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நாடகம் பயிலும் மாணவர்களுக்காக மேடையின் அடிப்படைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும், திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

ஒத்திகைக்கு வரும் புதிய மாணவரிடம் "மகனைப் பறிகொடுத்த தாயாக நில்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே புருவம் சுருங்கும், உதடு துடிக்கும். உடம்பு மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் உடம்பாகவே இருக்கும். இது சினிமா பார்த்துப் பழகியதால் வருவது. சினிமாவில் கேமரா முகத்தின் அருகே வந்துவிடுகிறது. மேடையில் யாரும் நம் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்வையாளரிடம் காட்டப் போவதில்லை. இருபதாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு உங்கள் புருவம் தெரியாது. நீங்கள் நிற்கும் இடம் தெரியும், நிற்கும் விதம் தெரியும், கை என்ன செய்கிறது என்பது தெரியும். உங்கள் குரலும் மூச்சும் அவருக்குக் கேட்கும். அதனால்தான், நடிப்புப் பயிற்சி காலில் தொடங்க வேண்டும் என்கிறேன். முகம் கடைசியில் தானாக வந்து சேரும். இதை இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். இப்போது வீட்டில் இருப்பவர்கள் கூடத்தின் நடுவே எழுந்து நின்று, தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் பக்கத்தில் பார்வையாளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் மேடை வலம், இடக்கைப் பக்கம் மேடை இடம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது தலைகீழ். ஆனால் கீழே அமர்ந்திருக்கும் இயக்குநர் "வலம் போ" என்றால், அது எப்போதும் நடிகரின் வலம்தான். பார்வையாளரை ஒட்டிய பகுதி முன்மேடை, அதற்கு எதிர்ப்புறம் பின்மேடை. யார் எங்கே நிற்பது, எந்தச் சொல்லில் நகர்வது என்று ஒத்திகையில் முடிவு செய்வதைத்தான் பிளாக்கிங் என்கிறோம். தொடக்க நிலை மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: உன் வசனத்தில் நீ நகரு, அடுத்தவர் வசனத்தில் அசையாதே. மேடையில் எது அசைகிறதோ அதன்மேல்தான் கண் போகும். நண்பர் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சட்டைப் பொத்தானைத் திருகினால் அவர் பேச்சு வீண்.

இடத்தோடு சேர்ந்தது விளக்கு. இங்கே எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மாதவி ஆடுவதற்காக அரங்கம் அமைக்கிறார்கள். கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலை வெட்டி, 24 விரல் அளவுக்கு ஒரு கோல் செய்கிறார்கள். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தரைப் பலகைக்கும் மேற்பலகைக்கும் இடையே 4 கோல். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு வாயில்கள். கோல் என்பதை ஏறக்குறைய ஒரு முழமாக வைத்துக்கொண்டால், சுமார் 10 அடிக்கு 12 அடிதான் அந்த மேடை. நம் கல்லூரி மேடைகள் அதைவிடப் பெரியவை! திரைகள் மூன்று வகை: ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி.

இவற்றோடு இளங்கோ ஒரு விளக்கும் வைக்கிறார். தூண்களின் நிழல் அரங்கில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கை நிறுத்தினார்களாம். எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் புல்லரிக்கும். மேடையில் நின்று வேலை செய்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்காத ஒருவருக்கு, தூணின் நிழல் ஆடுபவர்மேல் விழும் என்ற கவலை வரவே வராது. இன்றைக்கு ஒளியமைப்பாளர் ஏணியில் ஏறி நின்று படும் பாடு முழுவதும் இதற்குத்தான். நீங்கள் உங்கள் வெளிச்சத்தில் நிற்கிறீர்களா, உங்கள் நிழல் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் விழுகிறதா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய விளக்குகளில் கன்னத்தில் படும் சூட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம். எல்.இ.டி. விளக்கில் அந்தச் சூடு குறைவு. ஒத்திகையிலேயே தரையில் சிறு டேப் துண்டு ஒட்டிக் காலுக்குப் பழக்கிவிடுங்கள். மறுபடியும் கால்தான்.

திரை என்றதும் தெருக்கூத்து நினைவுக்கு வருகிறது. செய்யாறு பக்கத்தில், புரிசை போன்ற ஊர்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னாலிருந்து பாட்டு வரும். மேலே கிரீடம் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், ஆள் தெரியாது. துரியோதனன் வருவதற்கு முன்பே துரியோதனனின் மிடுக்கு வந்துவிடும். நம் மாணவர்கள் மேடையோரத்தில் நடிகரை மறைக்கும் பக்கத்தட்டிக்குப் பின்னால் சாதாரணமாக நின்றுவிட்டு, வெளிச்சத்துக்குள் வந்த பிறகுதான் பாத்திரமாக மாறுகிறார்கள். வெளிச்சத்துக்கு வருவதற்குப் பத்து அடி முன்னாலேயே பாத்திரம் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

இனி உடம்பு. இதற்கு நான் எப்போதும் செய்யும் பயிற்சி குடம். பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் காட்சி நம் நாடகங்களில் நிறைய உண்டு. குடம் காலி. பார்வையாளர் வரிசையில் இருக்கும் பெண்கள் ஆயிரம் நடை தண்ணீர் தூக்கியவர்கள். அது காலிக் குடம் என்று அவர்களுக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எந்த வசனத்தைப் பேசினாலும் அவர்கள் நம்ப மாட்டார்கள். ஆகவே முதலில் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வேன். ஒரு பக்க இடுப்பு எப்படி வெளியே தள்ளுகிறது, எதிர்க்கை ஏன் தானாக விலகுகிறது, தண்ணீர் அலம்பும்போது நடை எப்படிச் சிறுக்கிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே நடை. பிறகு குடமே இல்லாமல் அதே நடை.

ஒரு பட்டறையில், கணவரைப் பற்றி விசாரிக்க வந்த ஆளுக்குப் பதில் சொல்லும் பெண்ணாக ஒரு மாணவி நடித்தார். "அவர் இங்கே இல்லை" என்பதுதான் வசனம். அழுகிற குரலில் சொல்லிப் பார்த்தார், சரிவரவில்லை. நிறைகுடத்தோடு நின்று சொல்லச் சொன்னேன். இறக்கி வைக்கலாமா, வந்தவர் போய்விடுவாரா என்று தெரியாமல் குடத்தை ஒரு முறை மேலே ஏற்றிக்கொண்டார். "அவர்" என்ற பிறகு மூச்சு வாங்கினார். "இங்கே இல்லை" என்பது தேய்ந்து வந்தது. முகத்தில் அவர் எதுவும் செய்யவில்லை. கூடத்தின் கோடியில் நின்றிருந்த பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். மாஸ்கோவில் நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகர்களிடம், இந்தச் சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னதும் இதைத்தான். என்ன உணர்வேன் என்று கேட்டால் புருவம்தான் சுருங்கும். என்ன செய்வேன் என்று கேட்டால் கைக்கும் காலுக்கும் வேலை வரும்.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். குரலைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றவர்கள் ஒலிபெருக்கி இல்லாத மேடைகளிலேயே கொட்டகை முழுவதையும் பாட்டால் நிறைத்தவர்கள். அந்த வலு கத்துவதால் வராது. தொண்டையை இறுக்காமல், வயிறு விரிய மூச்சை இழுத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை மூச்சை மிச்சம் வைத்துப் பேசுங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அங்கே குரல் விழுந்தால், வந்தாரா வரவில்லையா என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போகும்.

ஒப்பனைக்கு நேரம் இல்லை. ஒன்று மட்டும்: மேடை விளக்கின் கீழே பார்க்காமல், அறைக் கண்ணாடியை மட்டும் நம்பிப் பூசாதீர்கள். நாடகத்துக்கு முந்தைய நாள், உங்கள் காட்சி இல்லாத நேரத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து நண்பர்கள் நடிப்பதைப் பாருங்கள். அங்கிருந்து எது தெரிகிறது, எது கேட்கிறது என்று குறித்துவந்து அவர்களிடம் சொல்லுங்கள். வணக்கம்.