புளோக்கு மேல ஏறி எடுத்த படம்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? கேக்குதுன்னா சரி.

தலைப்பப் பாத்துட்டு ஒரு அக்கா வாசல்லயே கேட்டாங்க, "தம்பி, வீவக, அதான் அரசாங்க அடுக்குமாடி வீடுங்க, அதோட மேம்பாடு பத்தியா பேசப்போறீங்க"ன்னு. இல்லக்கா, புளோக்குன்னா அடுக்குமாடி, நான் பேசப்போறது பிளாக், வலைப்பதிவு. ஆனா அக்கா கேட்டதுலயும் தப்பில்ல, ஏன்னா நம்ம சிங்கப்பூர்ல 2006 தேர்தல்ல இந்த ரெண்டும் ஒரு நாள் ஒண்ணா சேந்துச்சு.

ஏப்ரல் கடைசி, ஹவ்காங்ல எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியோட பிரசாரக் கூட்டம். யானிங் பிரெட்னு பிளாக் எழுதிட்டிருந்த அலெக்ஸ் அவ், பக்கத்துல ஒரு புளோக்ல மேல ஏறி, அங்கேருந்து திடல ஒரு போட்டோ எடுத்துப் போட்டாரு. கீழ பாத்தா ஒரே தலை, சுத்தி வெளிச்சம் போட்ட அடுக்குமாடிங்க. மேடையில பேசறவங்க முகம் பேப்பர்ல வந்தா வரும், திடல் எப்படி ரொம்பியிருந்துச்சுன்னு போனவங்களுக்குத்தான் தெரியும். இந்த ஒரு படம் ஆபீஸ் ஆபீஸா ஈமெயில்ல சுத்துச்சு, எனக்கே மூணு பேரு அனுப்பினாங்க.

அதனால ஓட்டு மாறிச்சான்னு கேட்டா, எனக்கு அப்படித் தோணல. அந்த வருஷம் ஹவ்காங்குக்குப் பக்கத்துல இருக்கற அல்ஜுனிட் குழுத்தொகுதியில, அதாவது வேட்பாளருங்க ஒரு குழுவா நிக்கற தொகுதியில, பாட்டாளிக் கட்சிக்கு 43.9 சதவீதம், தோத்தாங்க. ஆனா 'நாம மட்டும்தான் இப்படி நெனைக்கிறோமோ'ன்னு வீட்டுக்குள்ள வாய மூடிட்டு இருந்தவனுக்கு, இல்லடா, இவ்ளோ பேரு இருக்காங்கன்னு அந்தப் படம் காட்டிருச்சு. பிளாக் செஞ்ச வேலை இதுதான்னு நான் சொல்வேன். புதுசா ஒருத்தன் மனச மாத்தறதில்ல, ஏற்கனவே மாறி இருக்கறவனோட தனிமையப் போக்கறது.

அந்தத் தேர்தலுக்கு ரூல் எப்படின்னா, பிரசார நேரத்துல அரசியல் பாட்காஸ்ட் கூடாது, விடாம அரசியல் எழுதற பிளாக்கர் அரசாங்கத்துகிட்ட பேர் பதிவு பண்ணிக்கணும், பண்ணிக்கிட்டா பிரசார நேரத்துல எழுதவும் கூடாது. மிஸ்டர் பிரவுன்ங்கற பிளாக்கர் என்ன பண்ணாரு? 'விடாப்பிடியா அரசியல் பேசாத பாட்காஸ்ட்'ங்கற அர்த்தத்துலயே பேரு வெச்சு ஒண்ணு விட்டாரு. பக் சோர் மீ, அதான் பன்றிக்கறி நூடுல்ஸ், அந்தக் கடையில ஈரல் விஷயமா வாடிக்கையாளருக்கும் கடைக்காரருக்கும் சண்டை, அவ்ளோதான், கட்சி பேரு வேட்பாளர் பேரு எதுவும் கிடையாது. ஆனா அப்போ பாட்டாளிக் கட்சி வேட்பாளர் ஒருத்தரு தேர்தல் படிவத்தக் குடுத்தாரா இல்லையாங்கற விவகாரம் ஓடிட்டிருந்துச்சு இல்லையா, கேட்ட எல்லாருக்கும் எதச் சொல்றாருன்னு புரிஞ்சிருச்சு. நூடுல்ஸ் சாப்பிடாத நம்மாளுங்க கூட கோப்பிக்கடையில அதச் சொல்லி சிரிச்சாங்க.

பிளாக்ல சேந்த கூட்டம் ஓட்டா மாறாததுக்கு வெளிநாட்டு உதாரணமும் ஒண்ணு சொல்லணும். அமெரிக்காவுல ஜனநாயகக் கட்சியோட அதிபர் வேட்பாளராகப் போட்டி போட்ட ஹோவர்ட் டீன், 2003ல அவரு பிரசாரத்துக்குன்னே ஒரு பிளாக் நடத்துனாங்க, சின்னச் சின்னத் தொகையா குவிஞ்சு மூணே மாசத்துல கிட்டத்தட்ட 1.5 கோடி டாலர் வந்துச்சு. ஆனா 2004 ஜனவரியில, வேட்பாளரத் தேர்ந்தெடுக்க ஐயோவா மாநிலத்துல நடந்த மொதல் போட்டியில, அவருக்கு மூணாவது எடம்தான். ஸ்கிரீனுக்கு முன்னாடி இருந்த கூட்டம் வேற, அந்தக் குளிர்ல வந்து நின்னு ஆதரவு குடுத்த கூட்டம் வேற.

ஜொகூர் பாலத்த தாண்டி மலேசியாவுக்குப் போனா கதை வேற மாதிரி. 2008 மார்ச் 8, ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணிக்கு நாடாளுமன்றத்துல மூணுல ரெண்டு பங்கு பெரும்பான்மை போச்சு, ஜெஃப் ஊய்ங்கற பிளாக்கர் ஜெலுத்தோங்ல நின்னு எம்பியே ஆயிட்டாரு. இணையத்த கண்டுக்காம விட்டது பெரிய தப்புன்னு பிரதமர் அப்துல்லா படாவியே அப்புறம் ஒத்துக்கிட்டாரு.

நம்ம ஊர்லயும் 2011 தேர்தலுக்கு முன்னாடி ரூல தளர்த்தினாங்க, பாட்காஸ்ட் வீடியோ எல்லாம் சரின்னுட்டாங்க. கூடவே பிரசாரம் பண்ணக்கூடாத 'கூலிங் ஆஃப் டே'யும் அந்தத் தேர்தல்லதான் மொதல்ல வந்துச்சு. அதே அல்ஜுனிட், இந்தவாட்டி பாட்டாளிக் கட்சி 54.7, ஜெயிச்சுட்டாங்க. பிளாக்காலதான்னு சொல்லிடாதீங்க, வீட்டு விலையும் எம்ஆர்டி ரயில் நெரிசலும் ஏற்கனவே எல்லார் வாயிலயும் இருந்துச்சு.

அப்புறம் பிளாக் போயி பேஸ்புக், அப்புறம் வாட்ஸ்அப். 2020 ஜூலை தேர்தல்ல கோவிட்னால திடல் கூட்டமே கிடையாது, பிரசாரம் பெரும்பாலும் போன்லயும் டிவியிலயும். அந்த ஜூலையில எந்த புளோக்கு மேல ஏறி நின்னு பாத்தாலும், கீழ வெறும் புல்லுதான்.