தோட்டத்துப் பாறையும் தண்ணீர் போகும் வழியும்

நேயர்களுக்கு வணக்கம். தோட்டத்திலும் முற்றத்திலும் அழகுக்காக நிறுத்தப்படும் பாறைகள் கடும் வெயிலுக்கும் பெருமழைக்கும் உறைபனிக்கும் கடற்காற்றுக்கும் ஈடுகொடுத்து நிற்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. பாறைக்கு அழிவே இல்லை என்ற நம்பிக்கையில், நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்து வாங்கி வைத்துவிட்டு, சில பருவங்களுக்குள் அதன் மேற்பரப்பு செதில் செதிலாக உரிவதையும் பாறையே ஒரு பக்கம் சாய்வதையும் கண்டு திகைப்பவர்கள் பலர். இத்தகைய சேதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், கல்லுக்குள்ளோ கல்லுக்கு அடியிலோ புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதுதான்.

நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. கல்லின் நுண்துளைகள் நீரால் நிரம்பியிருக்கையில் உறைபனி வந்தால், அந்தப் பெருக்கத்துக்கு இடம் கிடைக்காமல் கல் விரிசல் விடுகிறது. பனி உருகியதும் அதே விரிசலில் இன்னும் சற்று ஆழமாக நீர் இறங்கி, மறுபடியும் உறைகிறது. உறைபனியே விழாத இடங்களில் இந்த வேலையை உப்பு செய்கிறது. கடற்காற்றிலிருந்தும் உவர்மண்ணிலிருந்தும் கரைசலாகக் கல்லுக்குள் ஏறும் உப்பு, ஈரம் ஆவியாகும்போது துளைகளுக்குள்ளேயே படிகமாகி, உள்ளிருந்து மேற்பரப்பைத் தள்ளி உதிர்க்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் 1881-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட எகிப்தியக் கல்தூண், அஸ்வான் பகுதியின் செந்நிறக் கிரானைட்டில் வடிக்கப்பட்டு, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் எகிப்தில் இருந்தது. புதிய இடத்தின் ஈரத்திலும் குளிரிலும் அதன் மேற்பரப்பு விரைவிலேயே உதிரத் தொடங்கியதால், 1885-இல் பாரஃபின் மெழுகு பூசிக் காக்க முயன்றார்கள். எகிப்தில் நெடுங்காலம் மண்ணில் விழுந்து கிடந்தபோது அதில் ஏறிய உப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கிரானைட்டுக்கே இந்தக் கதி என்றால், கல்லின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது போதாது.

இருந்தாலும் தேர்வு முக்கியம்தான். நல்ல கிரானைட் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட்டும், மணற்கல் உருமாறி இறுகிய குவார்ட்சைட்டும் பெரும்பாலும் அதே உறுதி உடையவை. மணற்கல்லில் ஒன்றுக்கொன்று பெரும் வேறுபாடு உண்டு. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் மழைநீரிலேயே இயல்பாக உள்ள இலேசான அமிலத்தன்மையால் மெல்லக் கரைந்து, மெருகையும் கூர்மையான விளிம்புகளையும் இழக்கும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துக் குமிழிவிடும் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது என்று கொள்ளலாம். கல் விற்கும் இடத்திலேயே, காய்ந்த கல்லின் மீது ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள்: நீர் வழிந்தோடாமல் உடனே உள்ளே இழுக்கப்பட்டு, அந்த இடம் கறுத்து நெடுநேரம் ஈரமாகவே இருந்தால், உறைபனி உள்ள இடத்துக்கு அந்தக் கல் ஆகாது. பிறகு சிறிய சுத்தியலால் பல இடங்களில் தட்டுங்கள். கணீரென்று ஒலித்துவந்த கல் ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசலோ பொக்கோ இருக்கக்கூடும். வெடிவைத்துப் புதிதாகப் பெயர்த்த கல்லைவிட, பல ஆண்டுகள் திறந்த வெளியில் கிடந்து வெயிலும் மழையும் கண்ட கல்லையே நான் விரும்புவேன். அது தன் தேர்வை ஏற்கெனவே எழுதி முடித்திருக்கிறது.

வாங்குமுன் எடையைக் கணக்கிடுங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கிரானைட் பாறை ஏறத்தாழ 1.4 டன் இருக்கும். விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகி, 175 கிலோ அளவில் நிற்கும். பெரிய பாறையைக் கிரேன் கொண்டுதான் இறக்க வேண்டும். சங்கிலியைச் சுற்றித் தூக்கினால் விளிம்புகள் சிதையும் என்பதால், அகலமான துணிப்பட்டையே ஏற்றது.

நிறுத்தும் இடத்தில் மட்கு கலந்த மேல்மண்ணை முழுவதும் அகற்றி, 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை உடைத்த ஜல்லியைப் பரப்பி, நன்றாகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் முனைகள் இல்லாத கூழாங்கல் இதற்கு உதவாது. களிமண் நிலத்தில் குழி தோண்டி ஜல்லியை நிரப்பினால், சுற்றியுள்ள நீரெல்லாம் அந்தக் குழிக்குள் வடிந்து தொட்டியாகத் தேங்கும். குழியின் அடித்தளத்துக்குச் சரிவு கொடுக்காமலும், தாழ்ந்த பக்கமாக நீர் வெளியேற ஒரு வாய்க்கால் வெட்டிவிடாமலும் செய்யும் ஜல்லிப் படுகை, இல்லாததைவிடக் கேடானது. பாறையின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மண்ணுக்குள் இருக்கட்டும்; அகன்ற பகுதி கீழே அமையட்டும். அப்போதுதான் பாறை அசையாது, கொண்டுவந்து போட்டதாகத் தோன்றாமல் நிலத்திலிருந்தே எழுந்ததாகவும் தோன்றும். படிவு அடுக்குகள் தெரியும் கல்லை, அடுக்குகள் கிடைமட்டமாக இருக்கும்படியே வைக்க வேண்டும்; செங்குத்தாக நிறுத்தினால் அடுக்குகளின் இடைவெளி வழியே நீர் நேரே இறங்கிவிடும். மேற்புறம் பள்ளம் இருந்தால், அதில் நீர் தேங்காதவாறு பாறையைச் சற்றே சாய்த்து வையுங்கள்.

பளபளப்புக்காகப் பூசும் வார்னிஷ் போன்ற பூச்சுகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை வெளிநீரைத் தடுத்தாலும், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகின்றன. பூச்சு தேவையென்றே கருதினால், நீராவி வெளியேற இடந்தரும் சிலேன் (silane) எனும் நீர்விலக்கி வகையைத் தேர்ந்தெடுங்கள்.

பாறைகளைச் சுற்றிச் சரளை பரப்பும்போது, அடியில் பிளாஸ்டிக் தாளை விரிக்காமல், நீர் ஊடுருவும் துணியை விரித்து, அதன்மேல் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடலாம். சரிவான இடத்தில் உருண்டைக் கற்கள் முதல் பெருமழையிலேயே உருண்டோடிவிடும். கண்ணாடி இழை கலந்த சிமெண்டில் செய்த செயற்கைப் பாறைகள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. புயற்காற்று வீசும் இடங்களில் அவற்றைத் தரையோடு பிணைக்காமல் விடக்கூடாது.

வேலை முடிந்தபின், முதல் பெருமழை ஓய்ந்த உடனே வெளியே சென்று, பாறையின் அடியைச் சுற்றி நீர் எங்கே நிற்கிறது, மண் எங்கே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இறங்கிய இடத்தில் ஜல்லியிட்டு இறுக்கி, பாறையை இரு கைகளாலும் தள்ளிப் பாருங்கள். இம்மியளவு ஆடினாலும் அதைத் தூக்கி, படுகையைச் சரிசெய்து, மறுபடி அமர்த்த வேண்டும்.