நீதிபதியும் கணக்குக் கொடுக்க வேண்டும்

வணக்கம் நேயர்களே. நியூ ஜெர்சியில் இருக்கும் நம்மவர்களில் கோர்ட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள் குறைவு. பெரிய வழக்கெல்லாம் வேண்டாம். நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தி டிக்கெட் வாங்கியிருப்போம், இல்லையென்றால் குடியுரிமை வந்த கையோடு ஜூரி டியூட்டிக்கு, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கும்.

எனக்கும் வந்தது. நியூ பிரன்ஸ்விக் கோர்ட்டில் ஒரு பெரிய அறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்த ஒரு பெண் ஊழியரைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் வரும், எடுப்பார், கையிலிருக்கும் தாளில் ஒரு வரியை அடிப்பார், ஒரு கூட்டத்தை எழுப்பி வேறு மாடிக்கு அனுப்புவார். மேலே ஒரு வழக்கு சமரசமாகிவிட்டதாம், அந்த நீதிபதிக்கு வேறு வழக்கு போகிறதாம். இவ்வளவையும் யார் கட்டி மேய்க்கிறார்கள் என்று அன்றைக்குப் பிடித்த ஆர்வம், இன்னும் விடவில்லை.

பதில் மாநிலத் தலைநகர் டிரென்டனில் இருக்கிறது. மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பு மட்டும்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி வேலைதான். மாநிலத்தின் எல்லாக் கோர்ட்டும் எப்படி நடக்க வேண்டும் என்று விதி போடுவதும் அவர்கள் பொறுப்பு. 1947 அரசியலமைப்பிலேயே அப்படி எழுதியிருக்கிறது. தலைமை நீதிபதிதான் மொத்த நிர்வாகத்துக்கும் தலைவர். நீதிபதியை நியமிப்பது ஆளுநர், ஒப்புதல் தருவது செனட். ஆனால் அவர் எந்தக் கவுன்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), எந்தப் பிரிவில் உட்கார வேண்டும் என்று சொல்வது தலைமை நீதிபதி.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? 1844-ஆம் ஆண்டு அரசியலமைப்பை வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் ஒரு கோர்ட், ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய வேண்டுமென்றால் சான்சரி என்று வேறொரு கோர்ட். ஒரே தகராறுக்கு இரண்டு படி ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே 16 பேர் கொண்ட ஒரு கோர்ட், அதில் சிலர் வக்கீலுக்குப் படித்தவர்கள்கூட இல்லை.

இதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடியவர் ஆர்தர் வேண்டர்பில்ட். 1948-இல் புதிய உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியும் அவர்தான். அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தாள். ஒவ்வொரு நீதிபதியும் வாரா வாரம் அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை மணி நேரம் கோர்ட்டில் உட்கார்ந்தீர்கள், எத்தனை வழக்கு கேட்டீர்கள், கேட்டு முடித்தும் தீர்ப்புச் சொல்லாமல் வைத்திருப்பது எத்தனை. அதுவரை இன்னொருவருக்குக் கணக்குச் சொல்லியே பழகாதவர்களிடம் இதைக் கேட்பது லேசுப்பட்ட காரியமா? ஆனால் அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் எங்கே தேங்குகிறது, எங்கே ஆள் சும்மா இருக்கிறார் என்று தெரியும், ஆளை மாற்றிப் போட முடியும். கணக்கு இல்லாத இடத்தில் காத்திருப்பது எப்போதும் ஏழைதான். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இதில் ஒரு கதை உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1956-இல் கோர்ட்டுகளில் வழக்கு தேங்குவது பற்றி வாஷிங்டனில் ஒரு மாநாடு. பேச வேண்டியவர் வேண்டர்பில்ட். உடம்பு சரியில்லை. அதே கோர்ட்டில் இருந்த வில்லியம் பிரென்னனைப் போகச் சொன்னார்கள். விசாரணைக்கு முன்னாலேயே இரு தரப்பு வக்கீலையும் கூப்பிட்டு வைத்து, எதில் தகராறு, எதில் இல்லை என்று தெளிவாக்கிக்கொள்ளும் முறையில் கைதேர்ந்தவர் அவர். போனார், பேசினார். மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் பிரவுனெலுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சில மாதத்தில் அதிபர் ஐசன்ஹோவர் அவரை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே நியமித்துவிட்டார்! 1990 வரை, 34 வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அங்கே இருந்தார். கோர்ட் நிர்வாகம் பற்றிய பேச்சு ஒருவரை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். 21 கவுன்டி, அதை 15 வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கோர்ட் நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்ள அசைன்மென்ட் ஜட்ஜ் என்று ஒருவர். சாமர்செட், ஹன்டர்டன், வாரன் மூன்றும் சேர்ந்து ஒரு வட்டாரம். நம்முடைய மிடில்செக்ஸ் தனி. 2019 ஜனவரியில் தலைமை நீதிபதி ராப்னர் ஓர் உத்தரவு போட்டார்: நகராட்சிக் கோர்ட்டுகளில் 2003-க்கு முன்னாலிருந்து முடியாமல் கிடந்த சிறு வழக்குகள், பார்க்கிங் டிக்கெட் மாதிரி, ஏறக்குறைய 7 லட்சத்து 87 ஆயிரம், அத்தனையும் தள்ளுபடி. பதினைந்து வருஷத்துக்கு மேல் பழைய சின்ன டிக்கெட்டுக்கு ஒருவருடைய தலைக்கு மேல் வாரண்ட் தொங்க வேண்டாம் என்று முடிவு செய்ததும் நிர்வாகம்தான்.

நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 2017-இல் ஜாமீன் முறை மாறியதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச நினைத்தேன். பணம் கட்ட முடியவில்லை என்பதற்காகவே உள்ளே கிடப்பது பெரும்பாலும் நின்றது என்று மட்டும் இப்போது சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் ஒன்று, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கோர்ட்டில் ஏதாவது வேலை வந்தால், நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தமிழுக்கு ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கோர்ட்டில் கேளுங்கள். அதற்கு உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். வணக்கம்.