கட்டிலருகே கேட்க வேண்டிய கேள்விகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்தவரிடம் செவிலியர்களாகிய நாங்கள் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாயு பிரிந்ததா என்பதுதான் அது. மயக்க மருந்தாலும், அறுவையின்போது தொட்டு நகர்த்தப்படுவதாலும் சோர்ந்துபோகும் குடல், மீண்டும் அசையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். வயிறு உப்பியிருக்கிறதா, குமட்டல் இருக்கிறதா என்பதோடு இதையும் சேர்த்துப் பார்த்துத்தான் எதை எப்போது சாப்பிடக் கொடுக்கலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். ஆனால், திருமணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண்ணிடம், மாமனாரும் கொழுந்தனாரும் கட்டிலைச் சுற்றி நிற்கும் பார்வையாளர் நேரத்தில், வார்டுக்கே கேட்கும் குரலில் இதைக் கேட்டால், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு "ஆச்சு சிஸ்டர்" என்றுதான் சொல்வாள். உண்மையில் ஆகியிருக்காது. அந்தப் பதிலை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால், பிறகு வயிறு உப்பி வாந்தியெடுத்து அவதிப்படப் போவது அவள்தான்.

மருத்துவமனைக்கு வந்துவிட்டால் வெட்கத்தையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் தொழிலிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். நெடுங்காலம் வார்டில் பணிபுரிந்தவள் என்ற முறையில் நான் அதை ஏற்பதில்லை. நோயாளியோடு அவருடைய கூச்சமும் சேர்ந்தே அனுமதியாகிறது. கூச்சப்படுபவர் மறைக்கிறார், அவர் மறைத்தது மருத்துவருக்குத் தெரியாமலே சிகிச்சை நடக்கிறது. ஆகவே, நயமாக நடந்துகொள்வது என்பதை இனிமையாகச் சிரித்துப் பேசும் குணமாக மட்டும் நான் பார்க்கவில்லை. எந்தக் கேள்வியை எந்த நேரத்தில், யார் இல்லாதபோது, எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளும் வேலை அது. ஊசி போடக் கற்றுக்கொள்வதைப் போலவே அதையும் கற்றுக்கொள்ள முடியும்.

புதுச்சேரி மருத்துவமனைகளில் இந்த வேலைக்குக் கூடுதல் அவசியம் இருக்கிறது. இங்குள்ளவர்கள் மட்டுமல்லாமல் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும் ஏராளமானவர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். பொது வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி குறைவு. ஒருவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் அதே ஊர்க்காரராகவோ, தூரத்துச் சொந்தமாகவோ இருப்பது இங்கு வெகு சாதாரணம். நாம் உரக்கக் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும், நோயாளி வீடு திரும்புவதற்கு முன்பே அவருடைய தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மதுப்பழக்கம் பற்றிக் கேட்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சரியாகக் கேட்கத் தெரியாததால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய கேள்வி அது. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்த நேரிட்டால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை தொடங்கக்கூடும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தோன்றும். கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட மனிதர், அமைதியாக இருந்தவர், மூன்றாம் நாள் இரவில் டிரிப் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முறிந்த காலோடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். குடும்பத்தார் காற்றுக் கருப்பு என்று பயந்துபோவார்கள். அவர் குடிப்பவர் என்பது முதல் நாளே தெரிந்திருந்தால், அதற்குரிய மருந்துகளையும் தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசியையும் மருத்துவர் உரிய நேரத்தில் தொடங்கியிருப்பார்.

முதல் நாள் ஏன் தெரியவில்லை? மனைவியும், பார்க்க வந்திருந்த சம்பந்தியும் பக்கத்தில் நிற்கும்போது "குடிப்பீங்களா?" என்று கேட்கப்பட்டிருக்கும், அவரும் இல்லையென்று தலையாட்டியிருப்பார். அதனால், உடனிருப்பவரிடம் மருந்துச் சீட்டைக் கொடுத்து மருந்தகத்துக்கு அனுப்பிவிட்டு, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று இரண்டு எளிய கேள்விகளைக் கேட்டு, அதே குரலில் "கடைசியா எப்ப குடிச்சீங்க ஐயா, நேத்தா, முந்தாநாளா?" என்று கேட்கும்படி இளைய செவிலியர்களுக்குச் சொல்வேன். குடிப்பவர்தான் என்று நாமே எடுத்துக்கொண்டு கேட்கிறோம் என்பது நோயாளிக்குப் பெரிய விடுதலை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய சங்கடம் இல்லாமல், எந்த நாள் என்று மட்டும் சொன்னால் போதும். குடிக்காதவராக இருந்தால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். அடுத்ததாக, ஏன் கேட்டோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். "டாக்டருக்கும் எனக்கும் இது தெரியணும், ராத்திரி நடுக்கம் வந்தா மருந்து தயாரா இருக்கணும், அதுக்குத்தான்" என்றால் பெரும்பாலானவர்கள் அளவையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். டாக்டரிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது; காப்பாற்ற முடியாத வாக்கு அது.

அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருந்தாரா என்று கேட்பதும் இதே வகைதான். "ஒண்ணும் சாப்பிடலையே?" என்று அதட்டிக் கேட்டால், பாசத்தில் இரண்டு இட்லி ஊட்டிவிட்ட தாய் வாயைத் திறக்கமாட்டார். திட உணவு செரிக்கக் குறைந்தது 6 மணி நேரம் தேவை என்றும், மயக்கத்தில் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்றும் முந்தைய நாள் மாலையே அந்தத் தாயிடம் விளக்கியிருந்தால் மறைக்க வேண்டிய நிலையே வந்திருக்காது.

அறுவை அரங்குக்கு அனுப்புமுன் தாலியைக் கழற்றச் சொல்வது எங்கள் ஊர்ப்பக்கச் செவிலியர் எல்லோருக்கும் தெரிந்த தர்மசங்கடம். இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படும் மின்கருவியால் உடலோடு ஒட்டியிருக்கும் உலோகம் தோலைச் சுட்டுவிடக்கூடும். அவசரத்தில் கழுத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தால் நகை தடையாகும். நகை தொலைந்தால் அதன் வேதனை வேறு. காரணங்கள் நியாயமானவைதான். ஆயினும், உயிர் பிழைப்போமா என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், ஸ்டிரெச்சர் வாசலுக்கு வந்த பிறகு, "தாலி, மெட்டி எல்லாத்தையும் கழட்டும்மா, நேரமாச்சு" என்று சொல்வது அந்த நடுக்கத்தைப் பெருக்குவதாகும். அறுவைக்குப் போகும் வேளையில் தாலியை இறக்குவது அபசகுனம் என்று அவர் நினைத்தால், அந்த நினைப்பைக் கேலி செய்யவோ திருத்தவோ அது நேரமல்ல.

முந்தைய நாள் இரவே நான் பேச்சைத் தொடங்கிவிடுவேன். நாளைக் காலை என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லும்போது இதையும் இடையில் சொல்லி, யார் கையால் கழற்றினால் அவருக்கு மனநிறைவாக இருக்கும் என்று கேட்பேன். பலர் மாமியாரையோ தாயையோ சொல்வார்கள். சிலர் கணவரே கழற்றி வைத்திருக்கட்டும் என்பார்கள். பொன்னை மட்டும் கழற்றியெடுத்துவிட்டு, உலோகம் ஏதுமில்லாத மஞ்சள் கயிறு இருக்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பேன். அவர் சம்மதித்தால் அப்படியே, சம்மதிக்காவிட்டால் அந்தக் காரணத்தையும் பெண்ணிடம் சொல்லிவிடுவேன். கழற்றிய நகையைக் குடும்பத்தார் முன்னிலையில் எண்ணி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இனி, உடம்பைத் தொட்டுச் செய்யும் பணிகளுக்கு வருகிறேன். படுத்த படுக்கையாக இருப்பவரைத் துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது, சிறுநீர்க் குழாய் போடுவது, எனிமா கொடுப்பது ஆகியவை எங்களுக்கு அன்றாட வேலைகள். நோயாளிக்கோ வாழ்வில் முதல்முறையாக நேரும் அவமானமாக அவை தோன்றலாம். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றுவந்த சொல்தாத் தாத்தாக்கள் முன்பெல்லாம் எங்கள் வார்டுகளுக்கு வருவதுண்டு. மடிப்புக் கலையாத சட்டையும் நிமிர்ந்த நடையுமாக வாழ்ந்தவர்கள், பேத்தி வயதுப் பெண் தம்மைக் குளிப்பாட்டுவதைவிட அழுக்கோடு கிடப்பதே மேல் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களோடு வாதாடக் கூடாது. ஈரத்துணியை அவர்கள் கையிலேயே கொடுத்து, எட்டுகிற இடத்தை அவர்களே துடைத்துக்கொள்ளச் செய்து, எட்டாத முதுகையும் காலையும் மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண் செவிலியர் டூட்டியில் இருந்தால் அவரை அழைக்கலாம். எப்படியிருந்தாலும் திரையை முழுக்க இழுத்து மறைத்து, போர்வையை மொத்தமாக விலக்காமல் துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, ஒவ்வொன்றையும் செய்யுமுன் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பாட்டியை "ஆயா" என்றும் தாத்தாவை "ஐயா" என்றும் அழைப்பவர்கள், அவர்களுடைய படுக்கை நனைந்திருந்தால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி அலுத்துக்கொள்ளக் கூடாது. "துணி மாத்திடலாம் ஆயா" என்ற மூன்று சொற்கள் போதும்.

குழாய் போடும்போதோ துடைத்துவிடும்போதோ சில ஆண்களுக்கு உறுப்பு விறைப்பது தொடுதலால் நரம்புகள் வழியாகத் தானாக நிகழ்வது. அதில் எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவர் எங்களைவிடப் பத்து மடங்கு கூசிப்போயிருப்பார். துணியால் மூடிவிட்டு, "கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன் ஐயா, இது சகஜந்தான்" என்று சொல்லி நகர்ந்தால் போதுமானது. வெளியே வந்து சக ஊழியர்களிடம் அதைச் சொல்லிச் சிரிப்பது பெருந்தவறு என்றே கருதுகிறேன்.

வேண்டுமென்றே கையைப் பிடிப்பவர், ஆபாசமாகப் பேசுபவர் விஷயம் முற்றிலும் வேறு. நயமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற பெயரில் இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரையை இளம் செவிலியர்கள் கேட்கவே வேண்டாம். தலைக்காயத்தாலோ, காய்ச்சல் பிதற்றலாலோ, முதுமை மறதியாலோ நிதானமின்றிச் செய்கிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நிதானத்தோடு செய்பவர் என்றால், ஒருமுறை, தெளிவாக, பலர் காதில் விழும்படியே "இப்படிப் பேசக்கூடாது, கையை எடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். பிறகு அந்தக் கட்டிலுக்கு இருவராகவே போக வேண்டும். நடந்ததை எழுத்தில் வைக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாரிடமிருந்தும் பாதுகாப்பளிக்கும் கடமையை நிர்வாகத்தின் மீது வைத்திருக்கிறது.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டவரிடம் ஒருவர் மாற்றி ஒருவராக வந்து "ஏம்மா இப்படிப் பண்ணின, புள்ளைங்கள நினைச்சுப் பார்த்தியா" என்று கேட்பதை நாங்கள் அடிக்கடி தடுக்க வேண்டியிருக்கிறது. கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். படுத்திருப்பவருக்கு அது தண்டனையாகவே விழுகிறது. அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நாங்கள் கேட்பது, வலி குறைந்திருக்கிறதா, யார் கூட இருந்தால் நன்றாக இருக்கும், இப்போதும் அந்த எண்ணம் வருகிறதா என்பவற்றைத்தான். கடைசிக் கேள்வியைக் கேட்க அஞ்ச வேண்டியதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வீட்டில் யாருக்கேனும் அப்படிப்பட்ட துயரம் இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பதற்கும் 2017ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று இருக்கிறது. ஆகவே, கட்டிலின் தலைமாட்டில் அட்டை மாட்டுவதும், டூட்டி மாறும்போது அந்தக் கட்டிலின் முன் நின்று கிசுகிசுப்பதும் கூடாது.

"புற்றுநோய்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன்கள் கேட்டுக்கொள்ளும்போது நான் வாக்குத் தருவதில்லை, மறுப்பதுமில்லை. அம்மாவே என்னிடம் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொல்லி, மருத்துவரோடு குடும்பத்தார் உட்கார்ந்து பேச நேரம் வாங்கித் தருவேன். பெரும்பாலும் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும்.

நேயர்களில் பலர் என்றாவது ஒருநாள் நோயாளியாகவோ உடனிருப்பவராகவோ வார்டுக்கு வருவீர்கள். பலர் முன்னிலையில் சொல்ல முடியாத செய்தி உங்களிடம் இருந்தால், "சிஸ்டர், தனியா ஒண்ணு சொல்லணும்" என்று கேளுங்கள். டூட்டி மாறும் நேரமும் ரவுண்ட்ஸ் நேரமும் பரபரப்பானவை. அவை முடிந்த பிறகு கேட்டால் பொறுமையாகக் கேட்க எங்களுக்கும் வசதியாக இருக்கும். நீங்கள் உடனிருப்பவராக இருந்து, நோயாளியிடம் பேச வேண்டும் என்று செவிலியர் உங்களைச் சற்று வெளியே நிற்கச் சொன்னால், உங்களிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்று வருந்தாமல் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். பெண் நோயாளிக்குப் பெண் செவிலியர் அருகில் இருக்க வேண்டும், பரிசோதனையின்போது திரை போட வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

வணக்கம்.