பேசாத ஆடுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசவிருக்கும் படத்தில் வசனம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆடுகள் கத்துகின்றன, நாய் உறுமுகிறது, மனிதர்களோ வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார்கள். அதில் ஒரு சொல்லும் எந்த மொழியையும் சேர்ந்தது அல்ல. 85 நிமிடமும் இப்படித்தான். ஆனாலும் யார் எதற்குக் கோபப்படுகிறார்கள், யாருக்கு யார் மேல் பாசம் என்பதெல்லாம் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் ஸ்டுடியோ 2015-ல் வெளியிட்ட ‘ஷான் த ஷீப்’ திரைப்படத்தைத்தான் சொல்கிறேன். மார்க் பர்ட்டனும் ரிச்சர்ட் ஸ்டார்ஸாக்கும் சேர்ந்து எழுதி இயக்கியது.

ஷான் என்ற இந்த ஆடு திரைக்கு வந்தது 1995-ல், நிக் பார்க் இயக்கிய ஒரு குறும்படத்தில், சிறிய வேடத்தில். 2007-ல் அவனுக்கென்றே ஒரு தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. ஒவ்வொரு கதையும் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் குறுங்கதைகளின் நாயகனை வைத்து ஒரு முழுநீளப் படம் எடுப்பது சாதாரணக் காரியம் அல்ல. ஏழு நிமிடம் சிரிக்க வைக்கும் சேட்டை, ஒன்றரை மணி நேரத்துக்குத் தாங்காது. அதைத் தாங்க வைப்பதற்குக் கதாபாத்திரங்களின் உறவு வேண்டும். இந்தப் படத்தில் அந்த உறவு இருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பண்ணை. அதன் சொந்தக்காரர், காவல் நாய் பிட்ஸர், ஒரு மந்தை ஆடுகள். தினமும் அதே நேரத்தில் எழுந்து, அதே வேலையைச் செய்து, ஷானுக்கு அலுத்துப்போகிறது. ஒருநாள் விடுமுறை வேண்டும் என்று நினைக்கிறான். பண்ணைக்காரரைத் தூங்க வைத்து ஒரு பழைய கேரவன் வண்டிக்குள் படுக்க வைக்கிறார்கள். வண்டி உருண்டோடிப் பெருநகரத்துக்கே போய்விடுகிறது. தலையில் அடிபட்டு அவருக்கு எல்லாம் மறந்துபோகிறது. அவரைத் தேடி மந்தையே நகரத்துக்குக் கிளம்புகிறது.

அவரை எப்படித் தூங்க வைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தூக்கம் வராதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, வேலியைத் தாண்டும் ஆடுகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் எண்ணுவது ஆங்கிலேயர்களிடையே உள்ள வழக்கம். இந்தப் படத்தில் உண்மையான ஆடுகளே வரிசையாக வேலியைத் தாண்டுகின்றன. தாண்டிய ஆடு சுற்றி ஓடிவந்து மறுபடியும் வரிசையில் நின்றுகொள்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பண்ணைக்காரரின் தலை மெல்லத் தொங்குகிறது. ஒரே ஒரு வசனம் இருந்திருந்தால்கூட இந்தக் காட்சி பாதி செத்திருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த உத்தி இதோடு முடிந்துவிடவில்லை என்பதுதான். முதலில் தங்கள் ஜாலிக்காக அவரைத் தூங்க வைத்தவர்கள், பின்னால் அவரை வீட்டுக்கு அழைத்துப் போவதற்காக அதே உத்தியைக் கையில் எடுக்கிறார்கள். அதே வரிசை, அதே தாண்டல். ஆனால் இப்போது அவர் வந்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு நமக்கும் இருக்கிறது. சிரிப்புக்காக வைத்த ஒன்றைக் கொண்டே கதையை நகர்த்துவது தேர்ந்த திரைக்கதையாளர்களின் வேலை.

இனி உருவங்களுக்கு வருகிறேன். இது கணினியில் வரைந்த படம் அல்ல. கைக்கு அடக்கமான பொம்மைகளை, அவற்றுக்கு ஏற்ற அளவில் கட்டிய அரங்கில் நிறுத்தி, ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று எடுப்பது. ஸ்டாப் மோஷன் என்பார்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு கலைஞர் நாள் முழுவதும் உழைத்தால் சில நொடிக் காட்சிதான் கையில் மிஞ்சும். பொம்மையின் உள்ளே உலோக எலும்புக்கூடு. மூட்டுகளை வளைத்தால் வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும்.

ஷானின் முகத்தைக் கவனியுங்கள். கறுப்பு முகம், தலையில் வெள்ளைக் கம்பளிக் கொண்டை, பக்கவாட்டில் இரண்டு காதுகள், ஒட்டினாற்போல் இரண்டு பெரிய வெள்ளை விழிகள். வாய் பெரும்பாலும் தெரிவதே இல்லை; கத்தும்போது மட்டும் முகத்தின் ஒரு பக்கமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் அவனுடைய மொத்தச் சொத்து. எனவே அவன் யோசிக்கிறான் என்று காட்ட, கருவிழிகள் கொஞ்சம் ஒதுங்கினால் போதும். மாட்டிக்கொண்டான் என்று காட்ட, ஒரு முறை இமைத்தால் போதும். கை கால்களை ஆட்டிக் கூத்தடிப்பதைவிட, அந்த அசையாத நொடியில்தான் அதிகமாகச் சிரிப்பு வருகிறது. அந்தக் கால ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் மௌனப் படங்களில் அவர் முகத்தைக் கொஞ்சமும் அசைக்காமல் நிற்பாரே, அதே பாடத்தை இந்த ஆடு நன்றாகப் படித்திருக்கிறது.

பண்ணைக்காரர் இன்னொரு விதம். அவருடைய மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண்களே தெரியாது. கண்ணைக் காட்டாமல் ஒரு மனிதரை நாம் நேசிக்கும்படி செய்திருக்கிறார்கள். தோளின் தொய்வு, நடையின் தள்ளாட்டம், அந்த முணுமுணுப்பின் ஏற்ற இறக்கம், இவற்றை வைத்தே அவரைப் புரிந்துகொள்கிறோம். பிட்ஸர் பின்னல் தொப்பியும் கைக்கடிகாரமும் அணிந்து, ஒரு விசிலோடும், பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகிறார்களே அந்த மாதிரி அட்டையோடும் திரிகிறான். அந்த அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அவன் யாரென்று தெரிந்துவிடுகிறது: முதலாளிக்கும் ஆடுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேஸ்திரி. அவன் மருத்துவமனைக்குள் புகுந்து, அறுவை சிகிச்சை நிபுணர் என்று தவறாக எண்ணப்பட்டு, அங்கே தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்ததும் கடமைக்கும் நாய்ப்புத்திக்கும் இடையில் தத்தளிக்கும் காட்சி ஒன்று உண்டு. வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். அதே நேரத்தில் அவன் தன் எஜமானரைத் தேடி வந்தவன் என்பதை நீங்கள் மறக்கவும் மாட்டீர்கள்.

நகரத்தில் ஆடுகள் பழைய துணிக்கடை உடைகளை மாட்டிக்கொண்டு மனிதர்களாக நடமாடுகின்றன. பெரிய உணவகத்துக்குப் போய், பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து அப்படியே செய்து சமாளிக்கப் பார்க்கின்றன. பண்ணைக்காரருக்கோ தான் யாரென்று நினைவில்லை. ஆனால் கம்பளி கத்தரித்த கை மறக்கவில்லை. ஒரு சலூனில் இயந்திரத்தைப் பார்த்ததும் கை தானாக எடுத்து, அங்கிருந்த பிரபலம் ஒருவரின் தலையை ஆட்டுக்குக் கத்தரிப்பதுபோலவே கத்தரித்துவிடுகிறது. நகரமே அந்தச் சிகையலங்காரத்துக்கு அலைகிறது. நாகரிக உலகத்தின் மீதான கிண்டல் இது. ஆனால் எவரையும் புண்படுத்தாத கிண்டல்.

பிறகுதான் படத்தின் மிகக் கனமான இடம் வருகிறது. ஷான் அவரைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஓடிப் போகிறான். அவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. படத்தின் தொடக்கத்திலேயே, அவர் இளைஞராகவும் இவர்கள் குட்டிகளாகவும் இருந்த நாட்களின் சந்தோஷத்தை நமக்குக் காட்டிவிட்டார்கள். அது நம் மனத்தில் இருப்பதால், இந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. அலுப்பாகத் தெரிந்த அந்த அன்றாட வாழ்க்கை முழுவதும் அவருடைய அன்பாக இருந்தது என்று ஷானுக்கு விளங்குவதை, வெறும் இரண்டு விழிகளை வைத்துக் காட்டுகிறார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தெருவில் திரியும் விலங்குகளைப் பிடிக்கும் அதிகாரியாக வரும் டிரம்பர், மற்றவர்களைப் போல ஆழமாக உருவாகவில்லை. கடைசியில் டிராக்டரும் பாறைக்குழியுமாக வரும் துரத்தல் விறுவிறுப்பானதுதான், ஆனால் அப்படிப்பட்ட துரத்தலை வேறு படங்களிலும் பார்த்திருக்கிறோம். வேலியைத் தாண்டும் ஆடுகளை வேறு எங்கும் பார்த்ததில்லை.

சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. டப்பிங்கும் வேண்டாம், திரையின் கீழே ஓடும் சப்டைட்டிலும் வேண்டாம் என்பதால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பள்ளிக்கூடம் போகாத பேரனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரிக்கலாம். வீட்டில் போட்டுப் பார்க்கும்போது, பெரியவர்கள் நடுவில் விளக்கம் சொல்லாமல் இருந்தால் நல்லது. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். கேட்டதற்கு நன்றி. வணக்கம்.