கட்டி வைத்த பெட்டி

வணக்கம் நேயர்களே. கொழுந்து பறிக்க மலைக்குப் புறப்படும் அவசரத்தில் இதைக் கேட்பவர்களும் இருப்பீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1984இல் கட்டி வைத்தது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் மலையகத் தமிழரான எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன அல்லவா, அந்தக் கணக்கில் அப்பாவும் ஒருவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்தார். பசுவை விற்றாயிற்று, கோழிகளைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தாயிற்று. தோட்டத்தில் உழைத்ததற்குச் சேர்ந்த சேமலாபப் பணம் மட்டும் வரவில்லை. ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் ஃபைல் இரண்டு மாதம் கிடந்தது. பணம் கைக்கு வந்தபோது யுத்தத்தால் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோயிருந்தது.

அப்பா பெட்டியைப் பிரிக்கவில்லை. கூரைத் தகரம் ஒழுகியது, அதையும் அடைக்கவில்லை. “இன்னும் ரெண்டு மாசந்தானே புள்ள” என்பார். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒழுகும் இடத்தில் ஒரு அலுமினியச் சட்டியை வைப்பார். மழை இரவுகளில் அந்தச் சட்டிச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம்.

சுவரில் சபை கலண்டர். அதில் வேதாகமத்தின் எரேமியா 29:11. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இருக்கும்: “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” நல்ல வசனம். ஆனால் கலண்டரில் அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. அதிலே எழுபது வருஷம் என்றிருக்கிறது! பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அவர்களில் வயது வந்தவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை என்றுதானே அர்த்தம்? முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்கிறான். கேட்க இனிப்பாகத்தான் இருந்திருக்கும். அது பொய்.

இந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயம். அவர்களைச் சிறைபிடித்தவன் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் என்று முதல் வசனம் சொல்கிறது. நாலாம் வசனத்தில் கர்த்தரோ, போகப்பண்ணினது நான் என்கிறார். இரண்டும் ஒரே கடிதத்தில். ராஜா செய்த கொடுமை கொடுமையாகவே இருக்கிறது. ஆனால் கடைசிக் கை அவனுடையது அல்ல. யோசேப்பும் தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரிடம் ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்’ என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினதைச் சொல்கிறார். மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய், உட்காருவதற்கு முன்பே ‘எல்லாம் தேவ சித்தம்’ என்கிறோமே, அது எனக்குப் பிடிப்பதில்லை. முதலில் கூட உட்கார்ந்து அழுவோம்.

எங்களுக்கு முன்னே கப்பலேறிய பெரியப்பா குடும்பம் தமிழ்நாட்டில் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலையில்தான் நின்றது. யார் தப்பித்தோம், யார் மாட்டிக்கொண்டோம் என்று கணக்குப் போட எனக்குத் தெரியாது. போட்டுப் பார்த்திருக்கிறேன், விடை வரவில்லை. அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை 2003 சட்டத்தால்தான் கிடைத்தது. பத்தொன்பது வருஷம்! தேவனுடைய நோக்கம் முழுதாக விளங்கிய பிறகுதான் நம்புவேன் என்று அவர் இருந்திருந்தால், அத்தனை வருஷமும் கட்டிய பெட்டியோடுதான் இருந்திருப்பார்.

அந்தக் கடிதம் நாடு கடத்தப்பட்டவர்களுக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது: “வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிட்டு...” ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இதை வாசித்தார்கள். அம்மா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, காம்பராவுக்குப் பின்னால் மண்ணைக் கொத்திப் போஞ்சி (பீன்ஸ்) விதை போட்டார்.

“போற ஊருக்கா கொடி பின்னால வரும்?” என்று அப்பா கேட்டார்.

“காய்க்கிற வரைக்கும் இருக்கோமான்னு கர்த்தருக்குத் தெரியும். இப்ப மழை இருக்குங்க, விதைச்சிட்டேன்.”

கொடி கம்பில் ஏறி இடுப்பளவு வந்திருந்த ஒரு சாயங்காலம், அப்பா எங்கிருந்தோ ஒரு டின் தார் கொண்டுவந்தார். யாரிடமும் பேசவில்லை. ஏணி வைத்து ஏறி, ஓட்டைக்கு மேல் சாக்குத் துண்டை வைத்துத் தாரைப் பூசினார். தூறல் தொடங்கியும் இறங்கவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தலையில் இரண்டு சொட்டுத் தார் விழுந்தது. அதைப் போக்க மண்ணெண்ணெய் தேவைப்பட்டது.

அன்று இரவு நல்ல மழை. சட்டிச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வாரம் அந்தச் சட்டியில்தான் அம்மா முதல் போஞ்சியைப் பறித்துக்கொண்டு வந்தார்.